ஓகஸ்ட் லீவில ரிவர்ஸ்டன் பக்கம்: வன்னிப் பிள்ளையளுக்கு மலையில வாற சோதனையள்

(வன்னியின் வெவ்வேறு ஊர்க்காரர் ஒவ்வொருவராகச் சொன்னவை. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருப்பது சொன்னவரின் ஊர்.)

ஒட்டுசுட்டான் (சாரணர் பொறுப்பாசிரியர்)

15, 16 வயதுப் பிள்ளைகளை ஓகஸ்ட் விடுமுறையில் மலைக்குக் கூட்டிப்போகக் கேட்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் சிவனொளிபாதமலை. அந்த மாதத்தில் அது வேண்டாம். அங்கே பருவம் டிசம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. ஓகஸ்டில் படிக்கட்டில் விளக்கு எரியாது, தேத்தண்ணிக் கடை இருக்காது, தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தில் நேராக வந்து அடிக்கும்.

மாத்தளைப் பக்கம் உள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுதான் அந்தக் காலத்துக்குப் பொருத்தம். தென்மேற்குக் காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு முகட்டைத் தாண்டுகிறது. அதனால் பிட்டவல பத்தனை என்ற புல்வெளி, மீமுரே பக்கமெல்லாம் ஓகஸ்டில் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஆனால் காற்று நிற்பதில்லை. அந்தத் தொடரில் உள்ள ரிவர்ஸ்டன் முகட்டில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை நிமிர்ந்து நிற்கவே சிரமமான நாட்கள் உண்டு. அந்தக் காலத்தில் முகட்டில் கூடாரம் அடிக்கவே கூடாது. முகட்டைக் கடந்து கீழே இறங்கி, காற்று மறையும் பக்கத்தில் அடிக்க வேண்டும்.

நக்கிள்ஸ் 2000 ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்ட வனம். 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. எல்லைக்குள் தங்குவதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பாடசாலைப் பயணமாக இருந்தால் வலயக் கல்வி அலுவலக அனுமதியும் வேண்டும். இரண்டையும் கையில் எடுத்த பிறகு பஸ்ஸுக்கு முற்பணம் கொடுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குக் காடு புதிதில்லை. பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் கீழே நடந்து வளர்ந்தவர்கள், யானை போன தடத்தைப் பார்த்துப் பழையதா புதியதா என்று சொல்லக்கூடியவர்கள். ஆனால் தட்டை நிலத்தில் பழகிய கெட்டித்தனத்தில் பாதி மலையில் பிழையாகிப்போகும். முதலில் பிழையாவது தூரக் கணக்கு. சமதரையில் மணிக்கு 5 கிலோமீற்றர் நடப்பவர் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம் கூட்ட வேண்டும். 6 கிலோமீற்றர் பாதையில் 600 மீற்றர் ஏற்றம் என்றால் வளர்ந்தவருக்கு இரண்டேகால் மணித்தியாலம். பையோடு வரும் பிள்ளைகளுக்கு அதை ஒன்றரை மடங்காக்கி மூன்றரை என்று வையுங்கள். பிற்பகல் 3 மணிக்கு முகாமில் நிற்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் புறப்படுங்கள்.

பையின் பாரம் பிள்ளையின் நிறையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. 45 கிலோப் பிள்ளைக்கு 9 கிலோ, அதில் 2 லீற்றர் தண்ணீரே 2 கிலோ. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து ஈரப் பாறையில் வழுக்கும், பாட்டாச் செருப்பு இறக்கத்தில் காலை விட்டுக் கழலும். அடியில் ஆழமாக வெட்டு உள்ள றப்பர்ச் சப்பாத்து வேண்டும். புதிதாக வாங்கினால் இரண்டு கிழமையாவது போட்டு நடந்திருக்க வேண்டும். புறப்படும் முன் கால்நகத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். இறக்கத்தில் நகம் சப்பாத்து முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

கிளிநொச்சி (பயண ஒழுங்கு)

ஒட்டுசுட்டான் சேர் சொன்னதோட பஸ் விசயத்தையும் சேருங்கோ. கிளிநொச்சியிலயிருந்து ஏ9 வழியே மாத்தளை 230 கிலோமீற்றர் அளவில வரும். அங்க இடப்பக்கம் திரும்பி ரத்தோட்டைக்கால ஏற வேணும். இரவு வெளிக்கிட்டு, முறிகண்டியில தேங்காய் உடைச்சுக் கச்சானும் வேண்டிக்கொண்டு, விடியப்புறம் மலையில இறக்கி உடனே நடக்க விடுறதுதான் எங்கட பக்க வழக்கம். அது சரியில்லை. இரவெல்லாம் பாட்டும் கூத்துமா முழிச்ச பிள்ளை ஏற்றத்தில கால் தடுமாறும். விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டு, முதல் நாள் முகாம் அடிக்கிறதோட நிப்பாட்டுங்கோ.

நேர் றோட்டில வளர்ந்த பிள்ளையளுக்கு ரத்தோட்டைக்கு மேல வாற வளைவுகளில வயித்தைப் பிரட்டும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. மாத்தளையில ரெண்டு இடியப்பம், ஒரு துண்டு இஞ்சி காணும். பிரட்டுறவையை முன் சீற்றில இருத்துங்கோ.

சாரதி மலை றோட்டில ஓடிப் பழகினவரா எண்டு கேட்டுப் பிடிக்க வேணும். ஏ9 இல பழகின கால் இறக்கத்திலயும் பிரேக்கை மிதிச்சுக்கொண்டே வரும். பிரேக் சூடேறிப் பிடியாமல் போறது இப்பிடித்தான். எந்தக் கியரில ஏறினீங்களோ அந்தக் கியரிலயே இறங்க வேணும். கருகின மணம் வந்தா உடனே ஓரங்கட்டி, ரயருக்குக் கல்லு வைச்சு, ஒரு அரை மணித்தியாலம் ஆற விடுங்கோ. அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தினா சூடான ட்ரம் வெடிக்கும்.

மல்லாவி

தறப்பாள் கட்டுறது வன்னியில ஒருத்தருக்கும் சொல்லித்தர வேண்டிய வேலையில்லை. 2009 ஐக் கண்ட தாய் தகப்பன்ர கையிலயிருந்து அந்த முடிச்சுகள் பிள்ளையளுக்கும் வந்திருக்கு. ஆனா நாங்கள் கட்டினது வெயிலுக்கு. உயரமாக் கட்டி, காத்து உள்ள வரட்டும் எண்டு விட்டது. மலையில அதையே செய்தா இரவு 11 மணிக்குத் தறப்பாள் பாய்மரம் மாதிரி ஊதி, வளையம் கிழிஞ்சு போகும்.

12 அடிக்கு 15 அடித் தறப்பாள் ஒண்டை எடுங்கோ. காத்து எந்தப் பக்கமிருந்து வருதெண்டு புல்லு சாயுற திசையைப் பார்த்து முடிவெடுங்கோ. அந்தப் பக்க விளிம்பை நிலத்தோட ஒட்ட விட்டு, ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முளை அடிச்சு, மேல கல்லும் வைக்க வேணும். மறுபக்கம் 4 அடிக்கு மேல தூக்காதேங்கோ. முளையின்ர தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கமாச் சரிஞ்சு நிக்க வேணும், கயிறு 45 பாகையில இறங்க வேணும். கன இடத்தில மண் ஒரு சாண் கூட இருக்காது, கீழ பாறை. முளை பாதியில நிண்டா அதில நம்பிக்கை வைக்காமல் கயிற்றைப் பெரிய கல்லில சுத்திக் கட்டுங்கோ.

நைலோன் கயிறு நனைஞ்சா நீளும். பின்னேரம் இறுக்கினது இரவு தொய்ஞ்சு கிடக்கும், அதால படுக்க முன்னம் ஒருக்கால் எல்லாக் கயிற்றையும் இழுத்துக் கட்ட வேணும். கீழ விரிக்கிற பொலித்தீன் மேல் தறப்பாளை விட வெளியால நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. நீட்டினா வழியுற மழை முழுக்க அதில விழுந்து படுக்கைக்குக் கீழ வந்து தேங்கும். நனைஞ்ச படுக்கை எண்டு சொல்லுற பத்தில ஏழெட்டு இந்தப் பிழைதான். வாய்க்கால் வெட்டுறது பாதுகாக்கப்பட்ட வனத்தில கூடாது, அதுக்குப் பதிலா லேசாச் சரிவான இடமாப் பார்த்து அடிச்சாச் சரி.

வவுனியா (தாதிய உத்தியோகத்தர்)

மல்லாவி அண்ணா சொன்ன நனைந்த படுக்கையிலிருந்துதான் என் பகுதி தொடங்குகிறது. உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். ரிவர்ஸ்டன் 1400 மீற்றர் அளவில் என்றால் வவுனியாவை விட 8, 9 பாகை குறைவு. கேட்க அது பெரிதாகத் தெரியாது. பிள்ளையைச் சாய்ப்பது ஈர உடுப்பும் காற்றும் சேரும்போது வரும் குளிர். டெனிம் காற்சட்டையும் பருத்தி ரீசேட்டும் நனைந்தால் காய்வதில்லை, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெல்லிய விளையாட்டு உடுப்பு நல்லது, மேலே ஒரு கம்பளி, அதற்கு மேல் மழைக்கோட். ஒரு சோடி உடுப்பும் இரண்டு சோடி காலுறையும் பொலித்தீன் பையில் கட்டி, படுக்கைக்கு மட்டும் என்று வைத்திருக்க வேண்டும்.

பிள்ளை நடுங்கினால் இன்னும் உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். கையைப் பாருங்கள்: மழைக்கோட்டின் சிப்பை இழுக்க விரல் வராமல் தடவிக்கொண்டிருக்கும், பெயரைக் கேட்டால் நாக்குக் குழறும், சமதரையிலும் கால் இடறும். குளிர்ந்த நிலையிலேயே நடுக்கம் நின்றால் அதைத் தேறிவிட்டதாக எடுக்க வேண்டாம், நிலைமை மோசமாகிறது. காற்று மறைவுக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பைக் கழற்றி, தலை உட்பட உலர்ந்த துணியால் மூடி, கீழேயும் தடிப்பாக விரியுங்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனி கூடப் போட்ட இளஞ்சூட்டுத் தேத்தண்ணி கொடுக்கலாம். கை காலைத் தேய்க்கவோ நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகவோ வேண்டாம். நாக்குக் குழறும் நிலைக்கு வந்த பிள்ளைக்கு 1990 அம்புலன்ஸ் அழையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. எந்த வளைவில் கிடைக்கிறது என்று ஏறும்போதே குறித்து வையுங்கள்.

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தைத் தண்ணீர் தொட்டுத் தடிப்பாகப் பூசுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் உப்பைத் துணியில் பொட்டலமாகக் கட்டித் தடி நுனியில் வைத்திருப்பார்கள், ஈரமான பொட்டலத்தால் ஒரு தொடுகை போதும். கடித்துக்கொண்டிருப்பதைப் பிய்க்கக்கூடாது. ஒடுங்கிய முனைதான் வாய்ப்பக்கம், அதன் அடியில் நகத்தைக் கிடையாக நுழைத்து உறிஞ்சலை உடைத்தால் விழும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டிருப்பதால் சில மணித்தியாலம் கசியும். கழுவி, 10 நிமிடம் அழுத்திக் கட்டினால் போதும். ஓடைத் தண்ணீரைக் குனிந்து வாயால் குடிக்க மட்டும் விடாதீர்கள். மூக்குக்குள் ஏறிய அட்டையை வைத்தியசாலையில்தான் எடுக்க வேண்டும்.

முல்லைத்தீவு (முகாம் சமையல்)

20 பிள்ளையளுக்கு ஒரு நேரத்துக்கு அரிசி இரண்டரைக் கிலோ, பருப்பு ஒரு கிலோ. குளிரில பசி கூட, குறைச்சுப் போடாதேங்கோ. 1400 மீற்றரில தண்ணி 95 பாகையிலயே கொதிச்சிடும், அதால சிவப்புக் குத்தரிசி எவ்வளவு கொதிச்சாலும் நடுவில விறைச்சு நிக்கும். சமைக்க 2 மணித்தியாலம் முன்னம் ஊறப் போட்டு, மூடிக்கு மேல கல்லும் வைச்சு அவிக்க வேணும். முதல் இரவுக்கு அவலும் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் போதும், அடுப்பே தேவையில்லை.

விறகு அடுப்பு வேண்டாம். ஓகஸ்டில பத்தனைப் புல்லு காய்ஞ்சு கிடக்கும், அந்தக் காத்தில ஒரு பொறி காணும். 2.3 கிலோ காஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைச்சுக் கொண்டு போங்கோ, மூண்டு பக்கமும் தகர மறைப்பு வையுங்கோ. மறைப்பில்லாட்டி காஸ் ரெண்டு மடங்கு போகும். மழை எண்டு கூடாரத்துக்குள்ள அடுப்பு மூட்டுறது உயிராபத்து: நெருப்பும் பிடிக்கும், மணமில்லாத காபனோரொட்சைட்டும் நிறையும். கருவாடு, மிஞ்சின சோறு எல்லாத்தையும் மூடின வாளியில போட்டுப் படுக்கிற இடத்துக்குத் தூரத் தொங்க விடுங்கோ, பன்றி வரும்.

முத்தையன்கட்டு

குளத்தில நீந்தத் தெரிஞ்ச பிள்ளையள்தான் மலை ஆத்தில கூடுதலா ஆபத்தில மாட்டுப்படுகினம். குளத்துத் தண்ணி நிண்ட தண்ணி, மேல் சூடு, தாண்டால் சேறு. மலைக் கசத்தில (ஆத்தின்ர ஆழமான இடத்தில) தண்ணி குளிர், விழுந்த கையோட மூச்சு இழுபடும், வாய் திறந்தாத் தண்ணி உள்ள போகும். அடியில பாறை இடுக்கும் இழுவையும் இருக்கும். நீர்வீழ்ச்சிக்கு நேர கீழ தண்ணி நுரையாக் கிடக்கு, அதில நல்ல நீச்சல்காரனும் மிதக்க மாட்டான்.

முழங்காலுக்கு மேல இறங்கக்கூடாது, பாறையிலயிருந்து குதிக்கக்கூடாது. 20 மீற்றர்க் கயிற்றில வெறும் 5 லீற்றர்க் கானை மூடி கட்டி, ஒரு பெரியாள் கீழ்ப்பக்கமா நிக்க வேணும். யாரும் மாட்டுப்பட்டால் கானை எறியுங்கோ, பின்னால குதிக்காதேங்கோ. நீங்கள் நிக்கிற இடத்தில வெயில் எறிச்சாலும் மேல மழை பெய்யும். தண்ணி கலங்குது, இலை சருகு கூட வருது, இரைச்சல் மாறுது எண்டால் உடுப்பு சாமானைப் பார்க்காமல் உடனே கரையேறிப் பத்து மீற்றர் மேல போங்கோ.

புதுக்குடியிருப்பு

புகார் (மூடுபனி) இறங்கினா பத்தடி தெரியாது. இதில எங்கட பிள்ளையளுக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கு. மண்டையோட்டுப் பலகை பார்த்து வளர்ந்தவை, பாதையை விட்டு இறங்காதே, தெரியாத இடத்தில நில், வந்த அடியிலயே திரும்பு எண்டு மிதிவெடி வகுப்பில படிச்சவை. அதை அப்பிடியே இங்கயும் சொல்லிக் குடுங்கோ. முன்னுக்கு ஒரு பெரியாள், கடைசியில ஒரு பெரியாள், ஒவ்வொரு சந்தியிலயும் எண்ணிக்கை.

ஒவ்வொருத்தர் கழுத்திலயும் விசில். ஒரு நிமிசத்துக்குள்ள ஆறு தரம் ஊதி, ஒரு நிமிசம் விட்டுத் திரும்ப ஊதுறது உதவி கேக்கிற அடையாளம். மூண்டு தரம் ஊதினாப் பதில். விளையாட்டுக்கு ஊதக் கூடாதெண்டு முதல் நாளே கண்டிப்பாச் சொல்லுங்கோ.

குளவி, பெருந்தேனீக் கூட்டுக்குக் கிட்டக் கத்துறதும் கல்லெறியுறதும் கூடாது. கலைஞ்சா நிண்டு விசுக்காமல் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேணும். சரிவில ஓடுற வழி பாதை மட்டும்தான்.

வவுனியா (தாதிய உத்தியோகத்தர்)

குளவி கொட்டிய பிள்ளைக்கு உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். ஒவ்வாமை உள்ளவர்களின் விபரத்தைப் பெற்றோரிடம் முன்னரே எழுத்தில் வாங்குங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. அசையாமல் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மலைச் சருகுக்குள் கிடக்கும் சிறிய கோப்பி விரியனை எளிதாக எடுக்காதீர்கள். இங்கே பாவிக்கும் இந்திய விசமுறி மருந்து அதன் விசத்துக்கு வேலை செய்யாது, சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதனால் வலி குறைந்தாலும் வைத்தியசாலையில் தங்கித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று, திரும்பி வந்த பிறகு. உண்ணி இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் ஒட்டியிருக்கும். முகாமிலேயே தினமும் பின்னேரம் பார்க்க வேண்டும், முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, தோலில் சிவப்புப் புள்ளி வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வன்னியில் பார்க்கும் வைத்தியருக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். பிள்ளை எந்தத் திகதியில் எந்த மலைக்குப் போனது, உண்ணி கடித்ததா என்பதைப் பெற்றோர் தாங்களாகவே சொல்ல வேண்டும். வைத்தியர் பார்க்கும் வரை பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், புரூபன், டிஸ்பிரின் வேண்டாம். பயணம் முடிந்து பிள்ளைகளை இறக்கும்போதே இதை ஒரு துண்டில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள்.