புளூபெர்ரி காப்ளர்: மேல்மாவு பொன்னிறம், அடிமாவு வேகவில்லை, சாறும் கெட்டிப்படவில்லை. என்ன செய்யலாம்?

எடிசன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் வசிக்கிறோம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடியும்வரை தெற்கே ஹாமன்டன் பக்கத்துத் தோட்டங்களில் புளூபெர்ரியை நாமே பறித்துக்கொள்ளலாம் என்பதால், ஆண்டுதோறும் குடும்பத்தோடு சென்று வாளி நிறையப் பறித்து வருகிறோம். சாப்பிட்டதும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்ததும் போக மிஞ்சும் பழத்தில் காப்ளர், அதாவது பழத்தோடு மாவு சேர்த்து ஓவனில் சுடும் இனிப்பு, செய்வேன். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்றாலும், அதில் ஒரு குறை எனக்குத் தீராமலே இருக்கிறது.

நான் செய்யும் முறை இது. ஆறு கோப்பைப் பழத்தில் அரைக் கோப்பைச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச் (சோள மாவுச்சத்து), சிறிது எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்து கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்புவேன். மைதா, பேக்கிங் பவுடர், வெண்ணெய், பால் சேர்த்துக் கலந்த மாவைப் பழம் சிறிதும் வெளியே தெரியாதபடி மேலே மூடி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முப்பது நிமிடம் வைப்பேன். மேற்புறம் அழகான பொன்னிறத்தில் வருகிறது. கரண்டியை விட்டு எடுத்துப் பார்த்தால், மாவின் அடிப்பாகம் வேகாமல் ஒட்டுகிறது. பழச்சாறோ தட்டு முழுவதும் தண்ணீராக ஓடுகிறது. கார்ன்ஸ்டார்ச்சைக் கூட்டினால் போதுமா, அல்லது சூட்டைக் குறைத்து நேரத்தை நீட்டிக்க வேண்டுமா? என் மாமியார் முட்டை சேர்த்துக்கொள்ள மாட்டார் என்பதால், முட்டை இல்லாத முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும். பல செய்முறைகளில் பட்டர்மில்க் என்று குறிப்பிடுகிறார்கள்; அதற்கு நம் வீட்டு மோரை ஊற்றலாமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மாவுக்கரண்டி பதில்:

வணக்கம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: பாத்திரத்தின் நடுவில் இருக்கும் பழம் கொதிப்பதற்கு முன்பே காப்ளர் ஓவனிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. மேல்மாவு ஓவனின் சூட்டை நேராக வாங்கிக்கொள்வதால் விரைவில் சிவந்துவிடும். கீழே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஈரப் பழம் குளிர்ந்த நிலையில் கிடக்கிறது. அது சூடேறும்வரை மாவின் அடிப்பாகம் வேகாமல் சாற்றில் ஊறிக்கொண்டே இருக்கிறது. கார்ன்ஸ்டார்ச்சும் வெறுமனே சூடுபட்டால் கெட்டியாகாது. ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அது முழுமையாக வெந்து சாற்றைப் பிடித்து நிறுத்தும். ஆகவே வேகவிடாமல் அளவை மட்டும் கூட்டிப் பயனில்லை. வேகாத மாவுச்சத்தின் சுவைதான் கூடும்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, பழத்தை முதலில் தனியாக ஓவனில் வைப்பது. 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 190 டிகிரி செல்சியஸில், பழக்கலவையை மட்டும் இருபது நிமிடம் போல வைத்து, ஓரங்களில் நன்றாகக் கொதி கிளம்பிய பிறகு வெளியே எடுத்து ஒருமுறை கிளறிவிட்டு, அந்தக் கொதிக்கும் பழத்தின் மேல் மாவை இடுங்கள். அப்போது மாவு கீழிருந்து ஆவியிலும் மேலிருந்து ஓவன் சூட்டிலும் ஒரே நேரத்தில் வேகத் தொடங்கும். பிறகு இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் ஆகலாம். ஒன்றை மட்டும் மிகவும் கவனமாகச் செய்யுங்கள்: சூடான கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான கல்மேடையில் வைத்தால் அது வெடித்துச் சிதறக்கூடும். உலர்ந்த மடித்த துணியின் மீதோ மரப்பலகையின் மீதோதான் வைக்க வேண்டும்.

வெந்துவிட்டதா என்பதைக் குமிழிகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தொடக்கத்தில் சாறு வெளிறிக் கலங்கலாக இருக்கும்; குமிழிகள் சிறிதாகவும் வேகமாகவும் ஓரத்தில் மட்டும் எழும். மாவுச்சத்து வெந்த பிறகு அந்தக் கலங்கல் நீங்கி, சாறு கருநீலமாகப் பளபளக்கும். குமிழிகள் பெரிதாகி, மெதுவாகப் புடைத்து, வெடிக்கும் இடத்தில் ஒரு கணம் குழி நின்று பிறகு மூடும். நடுப்பகுதியிலும் இப்படி வரும்வரை காத்திருங்கள். மேல்மாவு அதற்குள் கறுக்கும்போலத் தோன்றினால், அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்திவிட்டு மேலும் பத்து நிமிடம் வைக்கலாம். சமையல் வெப்பமானி இருந்தால், மாவின் நடுப்பகுதி 200 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியிருக்க வேண்டும்.

பழம் தெரியாதபடி மாவால் மூடுவதையும் விட்டுவிடுங்கள். கால் கோப்பை அளவில் மாவைக் கிள்ளிக் கிள்ளி, இடையிடையே விரல் அகல இடைவெளி விட்டு இடவேண்டும். அந்த இடைவெளி வழியாகத்தான் ஆவி வெளியேறிச் சாறு சுண்டும். முழுவதும் மூடினால் ஆவி உள்ளேயே தங்கி மாவின் அடியை நனைத்துக்கொண்டிருக்கும்.

மாவைப் பொறுத்தவரை, காப்ளருக்கு முட்டையே தேவையில்லை என்பது உங்கள் மாமியாருக்கு நல்ல செய்தி. இங்கே மேலே இடுவது அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்லும் மென்மையான அப்பவகை. அதை உப்பச் செய்வது பேக்கிங் பவுடரும், வெண்ணெய்த் துண்டுகள் உருகும்போது எழும் ஆவியும்தான். ஒன்றரைக் கோப்பை மைதா, கால் கோப்பைச் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு ஆகியவற்றை முதலில் கலந்துகொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த 85 கிராம் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, விரல்நுனிகளால் மட்டும் உதிர்த்து உதிர்த்து, புட்டு மாவின் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆங்காங்கே சிறு வெண்ணெய்க் கட்டிகள் மிஞ்சியிருந்தால் நல்லதுதான். கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு கோப்பை பட்டர்மில்க் ஊற்றி, உலர்மாவு மறைந்ததும் கலப்பதை நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்தால் மாவு இறுகிவிடும்.

நம் மோர் இதற்கு ஒத்துவராது. இங்கே கடையில் கிடைக்கும் பட்டர்மில்க் பாலை நேரடியாகப் புளிக்கவைத்து எடுப்பது. கெட்டியாகவும் நல்ல புளிப்பாகவும் இருக்கும். நீர்மோரை ஊற்றினால் மாவு தளர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, சற்றே புளித்த கெட்டித் தயிரில் நான்கில் ஒரு பங்கு பால் சேர்த்துக் கடைந்து ஊற்றுங்கள். சோடா வேலை செய்யத் தேவையான புளிப்பு அதில் இருக்கிறது. சோடாவின் அளவை மட்டும் கூட்டாதீர்கள். புளூபெர்ரியின் நிறமி காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் பச்சையும் நீலமுமாக மாறும் இயல்புடையது. மாவில் பழச்சாறு படும் இடமெல்லாம் பச்சையாகத் தெரிவது சோடா மிகுந்துவிட்டதன் அடையாளம்.

எலுமிச்சையையும் தாராளமாகச் சேருங்கள். உங்கள் மாநிலத்துப் பழத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். காட்டில் மட்டுமே விளைந்துகொண்டிருந்த உயர்புதர் புளூபெர்ரியைத் தோட்டப்பயிராக மாற்றியவர்கள், நியூ ஜெர்சியின் ஒயிட்ஸ்பாக் என்ற ஊரைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் அம்மையாரும் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கவில்லும் ஆவர். பெரிய பழம் காய்க்கும் காட்டுச் செடிகளை ஊர்மக்களைக் கொண்டே தேடிப் பிடித்து, அவற்றைப் பெருக்கி, 1916-இல் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பினார்கள். அந்த வழியில் வந்த பெரிய, இனிப்பான பழங்களைத்தான் நீங்கள் ஹாமன்டனில் பறிக்கிறீர்கள். மெய்ன் மாநிலத்தின் சிறிய காட்டுப் பழத்தின் கூர்மையான சுவை அவற்றில் குறைவு. அதனால் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோடு, தோலின் மஞ்சள் மேற்பகுதியையும் துருவிச் சேர்த்தால் பழத்தின் மணம் நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். ஆறு கோப்பைப் பழத்துக்கு மூன்று மேசைக்கரண்டி கார்ன்ஸ்டார்ச் போதுமானது.

வெளியே எடுத்ததும் பரிமாறிவிடாதீர்கள். குறைந்தது நாற்பது நிமிடம் ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் சாறு முழுமையாக இறுகும்.

பீச்மரநிழல் பதில்:

மேலே நண்பர் சொன்னவை அனைத்தும் சரியானவையே. ஆயினும் பிஸ்கட் மாவு இட்டதுதான் காப்ளர் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் ஜார்ஜியாவில் இருக்கிறேன். இங்கே பல வீடுகளில் மாவைக் கரைத்து ஊற்றியே காப்ளர் செய்கிறார்கள். உங்கள் சிக்கலான வேகாத அடிமாவு அந்த முறையில் எழுவதே இல்லை, ஏனெனில் அங்கே மாவு கீழே, பழம் மேலே.

பாத்திரத்தில் 113 கிராம் வெண்ணெயை, அதாவது இங்கே விற்கும் ஒரு முழு வெண்ணெய்க் குச்சியை, ஓவனிலேயே உருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை மைதா, ஒரு கோப்பைச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கோப்பைப் பால் ஆகியவற்றைக் கட்டியில்லாமல் கரைத்து அந்த உருகிய வெண்ணெயின் மேல் ஊற்றி, அதன்மேல் இரண்டு கோப்பைப் பழத்தைத் தூவ வேண்டும். எக்காரணம் கொண்டும் கிளறக்கூடாது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஐம்பது நிமிடம் போல வைத்தால், பழம் கீழே இறங்க, மாவு அதைச் சுற்றி மேலே எழும்பி, ஓரங்கள் வெண்ணெயில் பொரிந்து மொறுமொறுப்பாகும். இதிலும் முட்டை கிடையாது. ஜார்ஜியாவின் தென்பகுதியில் ஆல்மா என்ற ஊரைச் சுற்றிப் புளூபெர்ரி பெருமளவில் விளைகிறது. அந்தத் தோல் தடித்த பழத்துக்கு இந்த முறை மிகவும் பொருந்துகிறது. ஆனால் நேர்மையாகச் சொல்வதானால், இதில் பழத்தைவிட மாவும் சர்க்கரையுமே மிகுதி. வாளி வாளியாகப் பழம் வைத்திருக்கும் உங்களுக்குப் பிஸ்கட் முறைதான் ஏற்றது.

மூன்றாவதாக, 'பை' (pie) என்ற பழப் பண்டத்துக்கு இடும் தட்டையான மாவு மேலோட்டைப் போர்த்திச் செய்யும் வகையும் இங்கே உண்டு. அதற்குக் கடையில் ஆயத்தமாக விற்கும் மேலோட்டை வாங்குவதானால் உறையைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள்.

வில்லாமெட்கரை பதில்:

நான் ஓரிகனிலிருந்து எழுதுகிறேன். இங்கே காப்ளர் என்றால் பெரும்பாலும் மேரியன்பெர்ரிதான். அது ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண் துறையும் இணைந்து நடத்திய ஆய்வில் உருவாகி, 1956-இல் வெளியிடப்பட்ட பிளாக்பெர்ரி வகை. மேரியன் கவுண்டியின் பெயரைத் தாங்கியது. மிகவும் மென்மையான பழம் என்பதால் தொலைவுக்கு அனுப்பத் தாங்காது. விளைச்சலின் பெரும்பகுதி உறையவைக்கப்பட்டே விற்பனைக்குப் போகிறது. ஆகவே உறைந்த பழத்தில் காப்ளர் செய்வது எங்களுக்கு அன்றாடப் பழக்கம். நீங்களும் மிஞ்சிய பழத்தை உறையவைத்துக் குளிர்காலத்தில் செய்வீர்கள் என்ற எண்ணத்தில் இதைச் சொல்கிறேன்.

உறையும்போது பழத்தினுள் உருவாகும் பனிப்படிகங்கள் அதன் செல்சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. அதனால் புதிய பழத்தைவிட உறைந்த பழம் மிகுந்த சாற்றை விடும். அதை முன்கூட்டியே எடுத்து இளகவைக்காமல், உறைந்தபடியே சர்க்கரையோடு கலந்து ஓவனில் வையுங்கள். முதல் கட்டத்துக்கு இருபது நிமிடம் போதாது, முப்பது முப்பத்தைந்து நிமிடம்கூட ஆகலாம். நடுவில் ஒருமுறை அடிவரை கிளறிவிடுவது கட்டாயம். இல்லாவிட்டால் கெட்டிப்படுத்தும் மாவு அடியில் தங்கி வெள்ளைக் கட்டிகளாகிவிடும்.

கார்ன்ஸ்டார்ச்சுக்குப் பதிலாக நான் மரவள்ளி மாவைப் பயன்படுத்துகிறேன். நம் ஜவ்வரிசிக்கும் அதுதான் மூலப்பொருள். கார்ன்ஸ்டார்ச்சைவிடக் குறைந்த சூட்டிலேயே அது இறுகும்; சாறும் தெளிவாக, பழத்தின் நிறம் மங்காமல் தெரியும். புளிப்பு மிகுந்த பிளாக்பெர்ரிச் சாற்றில் நெடுநேரம் கொதித்தால் கார்ன்ஸ்டார்ச்சின் பிடி தளரும் என்பதும் நான் மாறியதற்கு ஒரு காரணம். புளூபெர்ரிக்கு எதுவும் சரிதான். பாத்திரத்தைப் பொறுத்தவரை, பூச்சில்லாத அலுமினியத்தைத் தவிருங்கள். பெர்ரிப் பழங்களின் புளிப்பு அதோடு வினைபுரிந்து உலோகச் சுவையைக் கொடுத்துவிடும்.

எடிசன்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழத்தை முதலில் கொதிக்கவைப்பது என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை. காரணத்தோடு விளக்கியதால் நன்றாகப் புரிந்தது. வரும் சனிக்கிழமை மாலை நண்பர் வீட்டு விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுசெல்ல வேண்டும். காலையில் வேறு வேலைகள் இருப்பதால், முந்தைய நாளே எவ்வளவு தூரம் ஆயத்தம் செய்துவைக்கலாம் என்றும், அங்கே போய் எப்படிச் சூடாக்குவது என்றும் சொல்ல முடியுமா?

மாவுக்கரண்டி பதில்:

வெள்ளிக்கிழமை இரவே பழத்தைக் கழுவித் துணியில் பரப்பி நன்றாக உலர்த்திவிடுங்கள். கழுவிய நீர் ஒட்டியிருந்தால் அதுவும் சாற்றோடு சேரும். மைதாவில் வெண்ணெயை உதிர்த்த கலவையையும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். பட்டர்மில்க்கை மட்டும் ஓவனில் வைக்கும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், ஏனெனில் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஈரம் பட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடும். இரவே கலந்துவைத்தால் உப்பும் திறன் பெருமளவு வீணாகிவிடும். சர்க்கரையையும் பழத்தில் முதல்நாளே கலக்காதீர்கள்.

சனிக்கிழமை பிற்பகலில் சுட்டு, முழுமையாக ஆறிய பிறகு மட்டும் மூடி எடுத்துச் செல்லுங்கள். சூடாக இருக்கும்போதே தாளால் இறுக்கி மூடினால் ஆவி படிந்து மேல்மாவு நமத்துவிடும். அங்கே போனதும் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பதினைந்து நிமிடம் மூடாமல் வைத்தால் மேற்புறம் மீண்டும் மொறுமொறுப்பாகும்; மைக்ரோவேவில் வைத்தால் மாவு சவ்வாகிவிடும்.

ஐஸ்கிரீமோடு பரிமாறுவதாக இருந்தால், டப்பாவில் எழுதியிருக்கும் சேர்பொருள்களைப் பாருங்கள். ஃபிரெஞ்சு வனிலா என்று விற்பதில் முட்டை மஞ்சள்கரு சேர்ப்பார்கள். வெறும் வனிலா வகைகளிலும் சிலவற்றில் அது உண்டு. பால், பாலேடு, சர்க்கரை, வனிலா மட்டுமே உள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் மாமியாரும் தயக்கமின்றிச் சாப்பிடலாம்.