கறுப்புக்கு உள்ளே இளஞ்சிவப்பு: இந்தக் கல் என்னவென்று சொல்ல முடியுமா?

வணக்கம். உருமாறிய பாறைகளில் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கையில் ஒரு துண்டு இருக்கிறது. வெளியே கரி பூசியது போல, தொட்டால் விரலில் ஒட்டும் கறுப்பு. உடைத்தால் ஆரஞ்சு கலந்த பழுப்பில் கடுகளவு மணிகள், இடையில் குவார்ட்ஸ், ஓரத்தில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று.

மணிகள் ஸ்பெசார்டைன் கார்னெட் (மாங்கனீசு உள்ள கார்னெட் கனிமம்) என்று நினைக்கிறேன். அப்படியானால் 1909-இல் புவியியலாளர் ஃபெர்மர் பெயரிட்ட கோண்டைட் (ஸ்பெசார்டைனும் குவார்ட்ஸும் சேர்ந்த உருமாறிய பாறை) இதுதானா? இளஞ்சிவப்பைக் கத்தியால் கீறினேன், கோடு விழவில்லை. சூடான நீர்த்த அமிலத்திலும் நுரைக்கவில்லை. மாங்கனீசுக் கார்பனேட்டான ரோடோக்ரோசைட்டாக இருந்தால் இரண்டும் நடந்திருக்கும், ஆகவே மாங்கனீசுச் சிலிக்கேட்டான ரோடோனைட் என்றே வைத்திருக்கிறேன். (ரோடோனைட்டைப் போலவே இருக்கும் பைராக்ஸ்மாங்கைட்டைக் கண்ணால் பிரிக்க முடியாது, தெரியும்!)

நான் மாட்டிக்கொண்டது தோற்றத்தில். மாங்கனீசு கலந்த களிமண்ணும் மணலும் உருமாறினால் கார்னெட்டும் குவார்ட்ஸும் வரும், சரி. ஆனால் ரோடோனைட், கார்பனேட்டும் சிலிக்காவும் வினைபுரிந்து கரியமில வாயு வெளியேறியும் உண்டாகலாம். பிற்பாடு புகுந்த வெந்நீர்க் கரைசல்களாலும் வரலாம். மெல்லிய சீவலில் (நுண்ணோக்கியில் பார்க்க, ஒளி ஊடுருவும்படி தேய்த்த பாறைத் துண்டு) எதைப் பார்த்து இவற்றைப் பிரிப்பீர்கள்?

அப்புறம், உள்ளே ஒரு கறுப்புக் கீற்று கத்திக்கு மசியவில்லை. வெளிப்பூச்சு வானிலைச் சிதைவில் வந்த ஆக்சைடு. ஆனால் இந்தக் கீற்று, உருமாற்றத்தின்போதே உருவான பிரௌனைட்டாக (கறுப்பு மாங்கனீசுக் கனிமம்) இருக்குமோ? மைக்ரோபுரோப் (கனிமத்தின் வேதிக் கலவையை அளக்கும் கருவி) வசதி இல்லை. எதிரொளி நுண்ணோக்கி மட்டும் கிடைக்கும். அதில் இன்னொரு கறுப்பு மாங்கனீசுக் கனிமமான ஹாஸ்மனைட்டிலிருந்து பிரௌனைட்டை எப்படி அடையாளம் காண்பது?