ரோடு உயர்ந்துவிட்டது, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. காம்பவுண்டுக்குள் மண்ணடிக்கலாமா?

கேள்வி (தாழ்வாரம்):
தனி வீடு, தரைத்தளம் மட்டும். மேல் மேலே தார் போட்டதில் ரோடு இப்போது காம்பவுண்டுத் தரையைவிட ஓர் அடி உயரம். வீட்டுத் தளம் ரோட்டைவிட அரை அடி மேல். பெருமழையில் கேட் வழியாகத் தண்ணீர் வருகிறது. பக்கத்துக் காலிமனையை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம். உப்புப் பூத்துப் பெயின்ட் உதிர்கிறது. முழுக்க மண்ணடித்து டைல்ஸ் போடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில் (ரசமட்டம்):
வேண்டாம். கணக்கைப் பாருங்கள். தளத்துக்கும் வெளித்தரைக்கும் இப்போது ஒன்றரை அடி. ஓர் அடி மண் போனால் மீதி அரை அடி. அதன்மேல் கலவை, டைல்ஸ் என நாலு அங்குலம் ஏறினால் மிச்சம் இரண்டே அங்குலம். பேஸ்மட்டத்தில் ஓதம் தடுக்கப் போட்ட டிபிசி பட்டைக்குக் கீழே ஆறு அங்குலமாவது சுவர் வெளியே தெரிய வேண்டும். மண் அதைத் தாண்டினால் பட்டை இருந்தும் பயனில்லை, கரையானுக்கும் வழி.

கேட்டுக்கு உள்பக்கம் மட்டும் ரோட்டைவிட இரண்டு அங்குலம் உயரமாக மேடு கட்டுங்கள். சுவரோரத் தரை வீட்டிலிருந்து விலகிச் சரியட்டும்: பத்தடிக்கு ஆறு அங்குலம். மூன்றடிச் சந்தில் அதற்கு இடமிருக்காது. சிமென்ட் தளம் போட்டு முக்கால் அங்குலம் சரித்தால் போதும்.

பதில் (கூரைநீர்):
கேட்டை அடைத்தாலும் மொட்டைமாடித் தண்ணீர் உள்ளேதான் விழும். 100 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். அதைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு மோட்டார் வைத்து ஏற்றுவது வீண் வேலை. மாடிக் குழாயைத் தரைக்கு இறக்காமல், காம்பவுண்டுச் சுவரோடு 110 மில்லிமீட்டர் பைப்பில் ரோட்டோர மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். சரிவு நூற்றுக்கு ஒன்று, அதாவது நாற்பதடிக்கு ஐந்து அங்குலம். மிச்சத் தண்ணீருக்குச் சிறு தொட்டியும் மிதவை சுவிட்ச் வைத்த பம்பும் போதும்.

இன்னொன்று: கழிவுநீர் குழாய் வழியாக எதிர்த்து வராமலிருக்க, ஒரே திசையில் மட்டும் தண்ணீர் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுவீர்கள். மாடிக் குழாய் அதே லைனில் வால்வுக்கு முன்பே, வீட்டுப் பக்கத்தில் சேர்ந்திருந்தால், வால்வு மூடியதும் உங்கள் மாடித் தண்ணீரே குளியலறையில் பொங்கும். முதலில் அதைப் பிரியுங்கள்.

பதில் (செங்கல்):
காலிமனைப் பக்கம் உங்கள் எல்லைக்குள்ளேயே ஓர் அடி அகலத்துக்கு வாய்க்கால் தோண்டி, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ துணி விரித்து, 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு நடுவே துளையுள்ள நாலு அங்குலப் பைப்பைத் துளை கீழ்ப்பக்கம் இருக்க வையுங்கள். மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூடுங்கள். துணி இல்லையென்றால் சேறு இறங்கி அடைத்துவிடும். பைப்பின் மறுமுனை பம்புத் தொட்டிக்கு. கடைக்கால் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது.

உள்சுவரில் ஓதக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பைக் கழுவாமல் உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் செங்கலுக்குள் போகும். சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வாட்டர்ப்ரூஃப் பூசினால் ஓதம் பூச்சுக்குப் பின்னால் இன்னும் மேலே ஏறும். காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு நல்லது.

கேள்வி (தாழ்வாரம்):
கேட் மேட்டில் கார் அடி தட்டாதா?

பதில் (ரசமட்டம்):
மேட்டிலிருந்து உள்தரைக்கு ஓர் அடி இரண்டு அங்குலம் இறக்கம். பன்னிரண்டு அடி நீளத்தில் இறக்குங்கள். உச்சியைக் கூராக விடாமல் மூன்றடிக்கு உருட்டிவிட்டால் தட்டாது. சரிவு முடியும் இடத்தில் குறுக்கே கிரில் போட்ட கால்வாய் வையுங்கள். கிரில் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், இலை அடைக்கும்.