விஆர் கண்ணாடிக்குள் வடகடல்

விஆர் (மெய்நிகர்) கண்ணாடி, அதாவது போட்டதும் கணினி காட்டும் முப்பரிமாணக் காட்சிக்குள் நிற்பதுபோலத் தோன்றும் கண்ணாடி, வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் பலரும் தங்கள் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையது ஒரு தவறில் தொடங்குகிறது.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடலடி நிலத்தைக் காட்டப் போயிருந்தேன். அங்கே வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவை வடகடல் என்பார்கள். உலகக் கடலடி வரைபடம் தயாரிக்கும் ஜெப்கோ (GEBCO) திட்டம் இலவசமாகத் தரும் கடலாழத் தரவைக் கண்ணாடியில் ஏற்றியிருந்தேன். போட்ட பிள்ளைகள் எல்லாம் "ஆத்தாடி!" என்றார்கள். எனக்கும் பெருமைதான். ஒரு பையன் மட்டும் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னான்: "சார், வடகடல்ல இவ்வளவு பள்ளமே கிடையாதே. அப்பா நங்கூரம் போட்டா அஞ்சாறு பாகம்தான் கயிறு இறங்கும்."

ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், சுமார் ஆறடி. அவன் சொன்னதுதான் சரி. மேடுபள்ளம் தெரிய வேண்டும் என்று உயரத்தை 50 மடங்கு கூட்டியிருந்தேன். அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அதை 3 மீட்டராகச் சுருக்கினால், 10 மீட்டர் ஆழம் என்பது வெறும் 1 மில்லிமீட்டர். என் படத்தில் அது 5 சென்டிமீட்டர் பள்ளமாக நின்றது.

அங்கேயே 50-ஐ 1 ஆக்கினேன். வடகடல் தாம்பாளம் மாதிரி தட்டையாகிவிட்டது. தெற்கே மன்னார் வளைகுடா ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் இடம் மட்டும் சரிவாகத் தெரிந்தது. இனி என்ன பார்ப்பது என்று வகுப்பே சோர்ந்துபோனது. ஆனால் நான் நடத்திய நல்ல பாடம் அதற்கப்புறம்தான் நடந்தது. ஆழக் கடலில் புயல்காற்று தள்ளும் தண்ணீர் அடிவழியாகத் திரும்பி ஓட இடமுண்டு. ஆழமில்லாத தட்டைக் கடலில் அந்த இடமில்லை. தண்ணீர் குவிந்து கரையேறும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிக்குள் கடல் ஏன் அப்படிப் புகுந்தது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தாம்பாளமே சொல்லிக் கொடுத்தது. என் பள்ளத்தாக்கை வைத்துக்கொண்டு இதை விளக்கியிருக்கவே முடியாது.

இப்போதெல்லாம் உண்மை அளவில்தான் தொடங்குகிறேன். பிறகு கூட்டினால், எத்தனை மடங்கு என்பதைப் படத்திலேயே எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. அந்தத் தரவு கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் ஆழம் தருகிறது; ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 450 மீட்டர். அதைவிடச் சின்ன மணல்தீடைகள் (கடலுக்குள் இருக்கும் மணல்திட்டுகள்) அதில் தெரியாது. அதையும் அந்தப் பையன்தான் கேட்டான். அடுத்த வாரம் அவன் அப்பா வந்தார். வாடைக் (வடக்கத்திக் காற்று) காலத்தில் தீடை எங்கே நிற்கும், கச்சான் (மேற்கத்திக் காற்று) காலத்தில் எங்கே நகரும் என்று தாளில் வரைந்து கொடுத்தார். அந்தத் தாளை ஸ்கேன் செய்து படத்தின் மேல் விரித்து வைத்திருக்கிறேன்.