தயங்கினாரா, தடுமாறினாரா?

கல்லணைக்காரன்:
நேற்று ஒரு நாளிதழில் "பதில் சொல்லத் தடுமாறிய அமைச்சர்" என்று தலைப்பு. உள்ளே படித்தால், நிருபர் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பிறகு சொல்கிறேன்" என்று காரில் ஏறிவிட்டார். அவ்வளவுதான். இது தயக்கம், தடுமாற்றம் இல்லை. சொல்லத் தயங்கினான் என்றால் சொல் நாக்கு நுனியில் இருக்கிறது, சொல்லலாமா வேண்டாமா என்பதுதான் யோசனை. சொல்லத் தடுமாறினான் என்றால் வாயைத் திறந்துவிட்டான், சொல் வரவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் ஒருவருடைய நிதானம்கூட உளறலாகிவிடும். இப்போது பங்குச்சந்தை, கிரிக்கெட் அணி, பருவமழை எல்லாமே 'தடுமாறுகின்றன'.

மாடித்தோட்டம்:
அணி தடுமாறுவதில் என்ன தவறு? 30 ரன்னுக்கு நாலு விக்கெட் போனால் வேறென்ன சொல்வது? நீங்கள் போடும் வேலி சொல்லுக்குள் இல்லை, உங்கள் மனதில் இருக்கிறது. சங்கப் பாடல்களில் கடலைத் 'தயங்குதிரை' என்பார்கள். அலை அங்கே கூச்சப்பட்டு நிற்கவில்லை, அசைகிறது. ஆக, உங்கள் தயக்கமே ஒரு காலத்தில் ஆட்டம்தான்! 'தூங்கு' இன்னும் வேடிக்கை. "தூங்குக தூங்கிச் செயற்பால" என்ற குறளில் (672) யாரும் பாய் விரிக்கவில்லை. ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடு என்கிறார் வள்ளுவர். 'தூங்கெயில்' என்றால் தொங்கும் கோட்டை. தொங்கலும் தாமதமும் உறக்கமும் ஒரே சொல்லில் இருந்திருக்கின்றன. தமிழ் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கல்லணைக்காரன்:
பழம்பொருளை வைத்து இன்றைய தலைப்புக்கு வக்காலத்து வாங்க முடியாது. இன்றைக்கு யாராவது "அலை தயங்கியது" என்று எழுதினால், கரைக்கு வராமல் நின்ற அலையைத்தான் நீங்களும் நினைப்பீர்கள்.

வெள்ளைத்தொப்பி:
நான் செவிலியர். புறநோயாளிப் பிரிவில் தினமும் கேட்கும் சொல் "மயக்கமா வருது". அறை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். காரணமோ வேறு வேறாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. பேச்சும் அப்படித்தான். திக்கல் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கலாம். நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரென்று நாக்குக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். "பேச்சு தடுமாறுது" என்று மட்டும் சொன்னால் எது என்று எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, வயதானவரைக் காட்டி "தள்ளாடுறாரா?" என்று கேட்டுவிடாதீர்கள். குடித்திருக்கிறாரா என்று கேட்டதாக நினைத்துக் கூட வந்த மகன் முறைப்பார். "தள்ளாத வயசு" என்றால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

மாடித்தோட்டம்:
அக்கா, இது என் கட்சிக்குத்தான் பலம். மக்கள் ஒரே சொல்லில் சமாளிக்கிறார்கள், திருப்பிக் கேட்டால் விளங்கிவிடுகிறது.

கல்லணைக்காரன்:
நாளிதழிடம் யார் திருப்பிக் கேட்பது?

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல்: பின்னிற்கிறது. "உதவி செய்யப் பின்னிற்க மாட்டார்" என்று நாங்கள் சொல்லுவோம். இதில் பயம், கூச்சம் ஒன்றும் இல்லை, கால் எடுத்து வைக்காததுதான் குற்றம்.

ஆனால் நீங்கள் இருவரும் ஊசலாட்டத்தை விட்டுவிட்டீர்கள். நற்றிணை 284-இல், வேலையாக வெளியூர் போனவனின் நெஞ்சு "அவளிடம் திரும்பிப் போவோம்" என்கிறது. அறிவு "எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் இளக்காரம், அவசரப்படாதே" என்கிறது. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறு மாதிரி என் உடம்பு அழிந்துபோகுமோ என்கிறான். புலவருக்கே தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பாட்டில் தயக்கமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. சொல்லே வேண்டாம் என்று விட்டிருக்கிறார் மனுசன்.

மாடித்தோட்டம்:
அதே பாட்டில் அறிவு "உறுதி தூக்கத் தூங்கி", அதாவது நல்லது எது என்று எடைபோட்டு நிதானித்து, பேசுவதாக வருகிறது, பார்த்தீர்களா? மறுபடியும் தூங்கு!

சரி, தலைப்புக்கு வருவோம். அதைப் போட்டவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்பது என் கருத்து. 'தயங்கிய அமைச்சர்' என்றால் பாவம், யோசிக்கிறார் என்று தோன்றும். 'தடுமாறிய' என்றால் மாட்டிக்கொண்டார் என்று தோன்றும். இது மொழி தெரியாமல் வந்த பிழை இல்லை கல்லணை அண்ணே. அகராதியைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் காட்டிப் பயனில்லை.

கல்லணைக்காரன்:
அவருக்கு வித்தியாசம் தெரியும் என்றால் வித்தியாசம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இவ்வளவு நேரம் வேலியே இல்லை என்றீர்கள்.

மாடித்தோட்டம்:
இருக்கிறது, எல்லோரும் தாண்டுகிறார்கள் என்கிறேன்.

கல்லணைக்காரன்:
'வாய் திறக்காத அமைச்சர்' என்று போட்டிருக்கலாம். நடந்ததும் அதுதான். இடம் பற்றவில்லை என்றும் சொல்ல முடியாது.