மின் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பு எவ்வளவு? ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் (தங்கச்சிமடம்)

கரைவலை | 4 ஆகஸ்ட் 2025

பாம்பன் தீவில் தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. முன்கட்டில் அப்பா அம்மா, பின்கட்டில் மகன் குடும்பம். ரேஷன் கார்டு இரண்டு, அடுப்பு இரண்டு, மின் மீட்டர் ஒன்று. ஜூனில் எடுத்த கணக்கில் 518 யூனிட், ரூ. 2,191 வந்தது. அதற்கு முந்தைய கணக்கில் 470 யூனிட்டுக்கு ரூ. 1,616 தான். 48 யூனிட் கூடியதற்கு 575 ரூபாய் ஏறியது எப்படி?

ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருப்பதாகத் தாசில்தாரிடம் சான்று வாங்கி மின்வாரியத்தில் கொடுத்தால் கட்டணம் குறையும் என்று ஊரில் சொல்கிறார்கள். 1,20,000 வரை செல்லும் என்றும் ஒரு பேச்சு. எது சரி? மகன் வீட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிப் போட இருக்கிறார்கள். இந்தக் கரண்ட் பில் அதற்குத் தடையாகுமா?

யூனிட்கணக்கு | 4 ஆகஸ்ட் 2025

அண்ணே, சான்றுக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரச் சலுகைக்கு வருமான வரம்பே கிடையாது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு இணைப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொது. ரேஷன் கார்டு எந்த வகை என்றுகூட யாரும் கேட்பதில்லை. நீங்கள் சொல்லும் 72,000-ம் 1,20,000-ம் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டின் வரம்புகள். முதலில் 72,000 ஆக இருந்தது, பிறகு 1,20,000 ஆக்கினார்கள். அதுதான் கரண்ட் பில்லோடு சேர்ந்து ஊரில் உலவுகிறது.

இங்கே வரம்பு வைத்திருப்பது மீட்டருக்கு. 2024 ஜூலை 1 முதல் நாம் கையிலிருந்து கட்டும் விகிதம், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓட்டுபவர்களுக்கு இப்படி: முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 2025 ஜூலையில் வந்த உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் இதில் மாற்றமில்லை.

500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். 2.35 என்ற படி காணாமல் போய், 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகிவிடும். 401 முதல் 500 வரை அதே 6.30, அதற்கு மேல் 600 வரை 8.40. உங்கள் 518-ஐப் போட்டுப் பாருங்கள். 300 × 4.70 = 1,410. 100 × 6.30 = 630. 18 × 8.40 = 151.20. மொத்தம் 2,191.20. பில் சரிதான். சரியாக 500-ல் நின்றிருந்தால் 1,805. 501 ஆனால் 2,048.40. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 10.50, 1,000-க்கு மேல் 11.55 என்று ஏறிக்கொண்டே போகும், ஆனால் அங்கெல்லாம் இப்படி ஒரு பள்ளம் இல்லை.

நம் கரைக்கு இது எந்த நேரத்தில் வந்து விழுகிறது என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது ஏறக்குறைய ஒரு முழு மின் கணக்கு. விசைப்படகு கரையில் நிற்கிறது, ஆட்கள் எல்லோரும் வீட்டில், அக்னி வெயிலில் மின்விசிறி இரவுபகலாக ஓடுகிறது. வருமானம் இல்லாத இரண்டு மாதத்தில்தான் வருடத்தின் பெரிய பில். வருமானத்தைப் பார்க்கும் சலுகையாக இருந்தால் அந்த மாதங்களில் கை கொடுத்திருக்கும். மீட்டரைப் பார்க்கும் சலுகை அப்போதுதான் கையை விடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் அதே இணைப்பு எண்ணில் முன்பணம் கட்டி வைக்கலாம், அதற்கு வட்டியும் கணக்கில் ஏறும். தடைக்காலப் பில்லை அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, கணக்கீட்டாளர் வந்த தேதிகளை மின் அட்டையில் பாருங்கள். 60 நாளில் எடுக்க வேண்டியதை 66 நாளில் எடுத்தால், நாளொன்றுக்கு எட்டரை யூனிட் ஓடும் வீட்டில் 51 யூனிட் கூடுதலாக ஒரே பட்டியலில் விழும். 518-ல் நிற்கும் வீட்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் இரண்டு தேதியையும் குறித்துப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்டபம்முகாம் | 5 ஆகஸ்ட் 2025

மகளிர் உரிமைத் தொகைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். வருமான வரம்பு உள்ளது அதில்தான். குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 2.5 லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ். விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வருமானச் சான்றோ நிலப் பத்திரமோ இணைக்கத் தேவையில்லை. அதனால் இதற்கென்று ஈ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

3,600-ஐ ஆறு கணக்காகப் பிரித்தால் ஒரு பில்லுக்குச் சராசரி 600. ஒரு கோடைப் பில் 650 வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை, ஆறையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லாக் கணக்கும் 518 என்றே வைத்தாலும் 3,108. உள்ளேதான் இருக்கிறீர்கள். ஆனால் விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண் எழுத வேண்டும், அந்த மீட்டரில் இரண்டு குடும்பமும் ஓட்டியது சேர்ந்தே இருக்கும். பின்கட்டில் ஏ.சி. ஒன்று ஏறினால் 3,600 தாண்டிவிடும், பிறகு யாருடைய யூனிட் எது என்று பிரித்துக் காட்ட உங்களிடம் வழியிருக்காது. 2025-ல் அரசு நடத்திய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமிலேயே விண்ணப்பத்தை வாங்கினார்கள். விண்ணப்பிக்கப் போகும்போது கடைசி ஆறு பில்லின் யூனிட்டையும் கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

நிலையான வழி, இரண்டாவது மீட்டர். 518-ஐப் பாதியாக 259 என்று வைத்தால் ஒரு மீட்டருக்கு 235 + 277.30 = 512.30. இரண்டுக்கும் சேர்த்து 1,024.60. இப்போது கட்டுவதில் பாதிக்கும் கீழே.

கரைவலை | 5 ஆகஸ்ட் 2025

நன்றி அண்ணே. இரண்டாவது மீட்டர் கேட்டால் ‘ஒரே வீடு, ஒரே இணைப்பு’ என்று திருப்பி அனுப்ப மாட்டார்களா? பின்கட்டுக்குத் தனிப் பத்திரம் கிடையாது, எல்லாம் அப்பா பெயரில். அங்கே நண்டு வைக்க ஒரு டீப் ஃப்ரீசரும் இருக்கிறது.

மண்டபம்முகாம் | 5 ஆகஸ்ட் 2025

இலவச 100 யூனிட்டுக்காகப் பெயருக்கு ஒரு மீட்டரை மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள். பின்னால் தெரிந்தாலும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். உண்மையில் தனிக் குடித்தனம் என்றால் கேட்கலாம். அதிகாரி பார்ப்பது மூன்று: தனி வாசல், தனி அடுப்படி, முன்கட்டு வயரிங்கும் பின்கட்டு வயரிங்கும் எங்கேயும் ஒட்டாமல் இருப்பது. மூன்றாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். மாடி விளக்கும் மோட்டாரும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இழுத்திருப்பார்கள். ஆய்வுக்கு வரும் முன்பே அவற்றை ஏதாவது ஒரு பக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் பொதுவாக இருக்கக் கூடாது.

பத்திரம் அப்பா பெயரில் இருப்பது தடையில்லை. அவருடைய ஒப்புதல் கடிதம், சொத்து வரி ரசீது, மகனின் ஆதார், தனி ரேஷன் கார்டு இவற்றோடு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் ஒப்புதல் கிடைக்காத இடங்களில்கூட, குடியிருப்புக்கான சான்றும், பின்னால் சிக்கல் வந்தால் பொறுப்பேற்பதாக எழுதும் பொறுப்புறுதிப் பத்திரமும் கொடுத்து, காப்பு வைப்புத் தொகையை இரு மடங்காகக் கட்டி வாங்க விதியில் இடமிருக்கிறது.

ஃப்ரீசர் விஷயத்தில் கவனம். வீட்டுக்குச் சமைக்க வைத்தால் பிரச்சினை இல்லை. விற்கும் நண்டை வைத்தால் அது வணிகப் பயன்பாடு. 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி, பொருந்த வேண்டிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். வியாபாரத்துக்கு என்றால் அதற்குத் தனி வணிக இணைப்பு எடுத்துவிடுங்கள். அந்த யூனிட் வீட்டு மீட்டரிலிருந்து கழன்றாலே நீங்கள் 500-க்குக் கீழே வந்துவிடக்கூடும்.

உப்புக்காற்று | 6 ஆகஸ்ட் 2025

புது மீட்டர் வரும் வரை 518-ஐ 500-க்குள் கொண்டுவர 20 யூனிட் போதும். அதை முதலில் கசிவில் தேடுங்கள். கடலோர வீடுகளில் உப்பு ஈரம் சுவருக்குள் இறங்கி, சுவிட்ச் பெட்டியிலும் ஒட்டுப் போட்ட இடங்களிலும் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அங்கிருந்து மின்சாரம் சுவர் வழியே போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிச் சோதியுங்கள். மெயினை அணைக்காமல் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், செட்டாப் பெட்டி, சார்ஜர் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். பல மீட்டர்களில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்ட மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு முறை மின்னினால் 60 நாளில் 86,400 துடிப்பு, அதாவது 27 யூனிட். உங்கள் 500-ஐத் தாண்ட வைத்தது அதுவாகவே இருக்கலாம். பிறகு மெயினையும் அணையுங்கள். மின்னுவது நின்றால் கோளாறு வீட்டு வயரிங்கில். நிற்காவிட்டால் மெயினுக்கு முன்னால் எங்கோ வயர் இழுத்திருக்கிறது, அல்லது மீட்டரே பழுது. நீங்கள் கை வைக்காமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கசிவுத் துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேராக வயர் கொடுக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், ஈரச் சுவரில் அது உயிர் போகும் வேலை.

அடுத்தது மின்விசிறி. பழையது 75 வாட், நாளுக்கு 15 மணி ஓடினால் 60 நாளில் 67 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை 30 வாட், அதே நேரத்துக்கு 27. ஒன்று மாற்றினாலே 40 யூனிட் குறையும். ஃப்ரிட்ஜின் பின்பக்கக் கம்பியில் உப்பும் தூசியும் படிந்தால் வெப்பம் வெளியேறாமல் கம்ப்ரெசர் நிற்காமல் ஓடும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த தூரிகையால் துடைத்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள்.

யூனிட்கணக்கு | 6 ஆகஸ்ட் 2025

கேஸையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதிலும் வருமான வரம்பு என்று ஊரில் குழப்பம் உண்டு. பொதுவான கேஸ் மானியம் 2016 முதல், கணவன் மனைவியில் ஒருவருக்கு வரிக்குரிய வருமானம் 10 லட்சத்தைத் தாண்டினால் கிடையாது. ஏழைக் குடும்பப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில், 2025 நிலவரப்படி, சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம். அதற்குத் தகுதிப் பிரிவுகளில் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் தீவில் வசிப்போரும் உண்டு, பாம்பன் தீவில் இருப்பவர்கள் ஏஜென்சியில் இதைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் வேறு கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது. எந்தப் பிரிவிலும் வராதவர்கள் ஏழைக் குடும்பம் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும், கையெழுத்துப் போடும் முன் முழுதும் படியுங்கள். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் விலக்கப்பட்டோர் பட்டியலிலேயே மோட்டார் வைத்த மீன்பிடிப் படகு இருந்தது. எஞ்சின் வள்ளம் வைத்திருப்பவர் கடனில் வாங்கியிருந்தாலும் அந்தப் பட்டியலில் விழுவார்.

கரைவலை | 9 ஆகஸ்ட் 2025

சோதித்தாயிற்று. 3,200 துடிப்பு மீட்டர்தான். எல்லாம் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு இரண்டு முறை மின்னியது, மெயினை அணைத்ததும் நின்றது. பின்கட்டுக் குளியலறைச் சுவிட்ச் பெட்டிக்குப் போகும் வயரைப் பிரித்ததும் மின்னவில்லை. மின் அட்டையில் தேதி 63 நாள். இரண்டையும் குறித்துக்கொண்டோம்.

உப்புக்காற்று | 9 ஆகஸ்ட் 2025

நிமிடத்துக்கு இரண்டு என்றால் 54 யூனிட். அந்த வயரை இணைக்காமலே வையுங்கள். பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது, சுவருக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் நிற்கும். பழைய வயரை உருவி எடுத்துவிட்டு, சுவருக்கு வெளியே பி.வி.சி. குழாயில் புது வயர் இழுக்கச் சொல்லுங்கள். பெட்டி குளிக்கும் இடத்துக்கு வெளிப்புறச் சுவரில் இருக்கட்டும். பின்கட்டுக்குத் தனி மீட்டர் எடுக்கப் போவதால், இந்த வயரைப் புது மெயினிலிருந்தே இழுத்துவிட்டால் ஆய்வின்போது மறுபடி பிரிக்கும் வேலையும் இருக்காது.