99 டிகிரி காய்ச்சலா, இல்லையா?

காட்பாடி நர்ஸ்:
குடியாத்தம் மெடிக்கல் சார் நேற்று இங்கே எழுதியது: "99 எல்லாம் காய்ச்சலே இல்லை. 80 வயதில் உளறுவது வயதுக் கோளாறு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 22 வருஷம் வார்டில் இருக்கிறேன். வழக்கமாக 97 காட்டும் பாட்டிக்கு 99 என்றால் 2 டிகிரி ஏறியிருக்கிறது, அது காய்ச்சல்தான். வயதானவர்களுக்கு நிமோனியா வந்தாலும் உடம்பு கொதிக்காமல் இருக்கலாம். நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று தடுமாறினால், அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

குடியாத்தம் மெடிக்கல்:
சிஸ்டர், நான் 30 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். 100 தாண்டினால்தான் காய்ச்சல். மே மாதம் நம் ஊர் வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் எனக்கே 99 காட்டும். நானும் போய்ப் படுத்துக்கொள்ளவா?

காட்பாடி நர்ஸ்:
உங்களுக்குக் காட்டட்டும். அந்தப் பாட்டிக்கு நேற்று எவ்வளவு இருந்தது? அதைத்தான் கேட்கிறேன். மூட்டு வலிக்குத் தினமும் பாராசிட்டமால் விழுங்குபவருக்கு 99-கூடக் காட்டாமல் போகலாம். தெர்மாமீட்டரை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 25-க்கு மேல் போனால் நெஞ்சைக் கவனிக்க வேண்டும்.

ராணிப்பேட்டை மகன்:
அக்கா சொல்வது என் வீட்டில் நடந்தது. அப்பாவுக்கு 98.8. முதலில் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் "வயசாச்சு, தூங்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் தூங்கினார். மூன்றாம் நாள் வேறு இடத்தில் நிமோனியா என்றார்கள். கத்தி ரகளை செய்தால்தான் குழப்பம் என்று நினைத்திருந்தோம்.

காட்பாடி நர்ஸ்:
தம்பி, உடம்பு நோயால் திடீரென்று வரும் இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். அடங்கிக் கிடக்கும் டெலிரியம்தான் கண்ணில் படாமல் போகும். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். இது சில மணி நேரத்தில், ஓரிரு நாளில் வரும். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் மகளையே யார் என்பார். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிட்டு, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: பங்குனி, மாசி, தை... வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஆம்பூர் லேப்:
உளறினார் என்றதும் யூரின் கல்ச்சர் (யூரினில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எழுதி, கிருமி இருந்தால் உடனே ஆன்டிபயாடிக். வயதானவர்களில் நிறையப் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே யூரினில் கிருமி இருக்கும், சிஸ்டர். உங்களைப் போன்றவர்கள் கிளப்பிவிடும் பயம்தான் இது.

காட்பாடி நர்ஸ்:
யூரின் என்ற வார்த்தையையே நான் எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள். நான் சொன்னது 99.

குடியாத்தம் மெடிக்கல்:
சரி, சிஸ்டரே டாக்டர் ஆகிவிட்டார். போன வருஷம் சர்க்கரை மாத்திரை விஷயத்திலும் இப்படித்தான் என்னை நாலு பேர் முன்னால் குறை சொன்னீர்கள். மறக்கவில்லை.

காட்பாடி நர்ஸ்:
நானும் மறக்கவில்லை. வயதானவர்களுக்குக் கிளிபென்கிளமைடு வேண்டாம், சர்க்கரை இறங்கினால் லேசில் ஏறாது என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். 1909-லேயே, சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் இந்த வேலூரில் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். 1946-ல் பட்டப்படிப்பே வந்துவிட்டது. ஊசி போட மட்டுமா படித்தோம்? நோயாளி பக்கத்தில் 8 மணி நேரம் நிற்பது நாங்கள். மாற்றம் முதலில் எங்கள் கண்ணில்தான் படும்.

ஆம்பூர் லேப்:
வேலூர்க்காரர்களுக்கு எல்லாவற்றிலும் இந்தப் பெருமை. மற்ற ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாதா?

ராணிப்பேட்டை மகன்:
2019 வரை நாம் எல்லோரும் வேலூர் மாவட்டம்தானே அண்ணே. ஆம்பூர் திருப்பத்தூரோடு போனதற்கு அக்கா என்ன செய்வார்?

ஆம்பூர் லேப்:
மாவட்டத்தை நான் இழுக்கவில்லை. யூரின் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

குடியாத்தம் மெடிக்கல்:
எந்த மாவட்டமானாலும் 99 காய்ச்சல் இல்லை.

காட்பாடி நர்ஸ்:
97-லிருந்து ஏறி வந்த 99, சார். உங்கள் கடைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் ஒரு பெரியவருக்கு, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். காலை டியூட்டி முடித்துவிட்டு வந்து கேட்கிறேன்.

குடியாத்தம் மெடிக்கல்:
எழுதுகிறேன். 98.6 என்றுதான் இருக்கும்.